பழைய அரிவாள் சேர்க்க வரும் தம்பி, தங்கச்சிகளுக்கு

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் காட்டில் எந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தாலும் துருப்பிடித்த அரிவாள் ஒன்றிரண்டு கிடக்கும். அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது, பனையேறுகிறவர்களும் குறைந்துபோனார்கள். எல்லாம் பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போகும் முன்னால் சேர்த்துவைக்க வேண்டும் என்று இளவட்டங்கள் கிளம்பியிருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அரிவாள் கைக்கு வந்ததும் முதலில் அது செய்த வேலையைக் கேளுங்கள். அடுத்து அடித்த பட்டறையைக் கேளுங்கள். வயதைக் கடைசியில் கேளுங்கள்.

1. வேலையை வைத்து இனம் பிரியுங்கள். கதிரறுக்கும் கருக்கரிவாளுக்கு மெல்லிய உடம்பு, பிறை வளைவு, வாயில் பொடிப்பல். கையால் அடித்ததில் அந்தப் பற்கள் உளியால் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டவை. விரலால் தடவினால் இடைவெளி ஒரே சீராக இராது. வேலிக்கருவையும் உடைமுள்ளும் வெட்டுகிற வெட்டரிவாளுக்கு முதுகு கனம், மூக்கு வளைவு. முள் கையில் ஏறாமல் கிளையை இழுத்துப் போடத்தான் அந்த மூக்கு.

2. பனையேறியின் அரிவாளை நிதானமாகப் பாருங்கள். மட்டை கழிக்க ஒன்று, பாளை சீவ ஒன்று. பாளையரிவாள் சவரக்கத்திக்குச் சமம். தினமும் பாளை நுனியை ஒரு மெல்லிய சீவல் எடுத்தால்தான் பதநீர் சுரக்கும். வாய் மழுங்கினால் பாளை நைந்துவிடும். மரக்கட்டையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருக்கும். தேய்ந்ததைக் குறை என்று ஒதுக்காதீர்கள். ஓர் ஆள் மரமேறிய காலமெல்லாம் அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. அரிவாள்பெட்டியும் கலயமும் அந்த வீட்டில் இருந்தால், எல்லாவற்றையும் ஒன்றாக வாங்குங்கள்; இல்லையேல் ஒன்றாகவே அங்கே விட்டுவிடுங்கள்.

3. வாயைச் சோதியுங்கள். எஃகு அரிதாக இருந்த காலத்தில் உடம்பு முழுக்கப் பச்சிரும்பு, வாய்க்கு மட்டும் எஃகு வைத்து உலையில் ஒட்டி அடிப்பார்கள். ஓர் ஓரத்தில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துச் சற்று விட்டால் எஃகு கறுத்து, ஒட்டிய கோடு தெரியும். உடனே கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள். உடம்பு முழுக்க ஒரே எஃகு, ஒரே கனம் என்றால் பெரும்பாலும் லாரிப் பட்டையில் அடித்தது. பற்றவைத்த பொட்டும் கிரைண்டர் கீறலும் மின்சாரம் வந்த பிறகான வேலை. அதற்காக அது மட்டம் என்றில்லை. அதன் காலம் அது, அவ்வளவுதான்.

4. 'கட்டபொம்மன் காலத்தது' என்றால் ஆதாரம் கேளுங்கள். பாஞ்சாலங்குறிச்சி பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பேச்சு இங்கே சுலபமாக வரும். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அவர் தம்பி ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டையும் 1801-ல் விழுந்தது. அந்த டிசம்பரிலேயே பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பினி அறிக்கை போட்டது. அப்படிப் பறித்த மண்ணில் எஞ்சியது மிகக் குறைவு. 'மருது காலத்து வளரி' என்று எறியாயுதம் ஒன்றுக்கு விலை சொன்னாலும் இதே கேள்விதான். அசலைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள்.

5. பட்டறையை எழுதிவையுங்கள். நார்வே, சுவீடன், பின்லாந்தின் வடகோடியில் பனிமான் மேய்க்கும் சாமி மக்களின் கத்தியைச் சேர்ப்பவர்கள், மான்கொம்புப் பிடியிலும் உறையிலும் கீறிய கோலத்தைப் பார்த்தே தெற்கத்தியதா வடக்கத்தியதா என்று சொல்வார்கள். நம் அரிவாளில் அப்படிக் கோலம் கிடையாது; கொல்லாசாரிகள் பெரும்பாலும் பெயரும் பொறிப்பதில்லை. கேட்டு எழுதினால்தான் உண்டு. எந்த ஊர், யார் பட்டறை, என்ன கூலி, பணமா தானியமா, பிடிக்கு என்ன மரம் என்று விற்கிறவர் வாய்மொழியை அன்றைக்கே நோட்டில் ஏற்றுங்கள். நல்ல அரிவாளையெல்லாம், அரிவாளுக்குப் பேர்போன ஊரான திருப்பாச்சேத்தியில் அடித்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். உள்ளூர் ஆசாரியின் பெயர் அதில் மறைந்துபோகிறது.

6. பளபளப்பாக்காதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் உதிர வேண்டிய துரு உதிரும். உப்புத்தாளும் கிரைண்டரும் சுத்தியல் தடத்தை அழித்துவிடும். பிறகு தையல் மிஷின் எண்ணெயை மெல்லப் பூசுங்கள். தூத்துக்குடி உப்புக்காற்று எட்டும் ஊர்களில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

7. கோயில் அரிவாளைத் தொடாதீர்கள். சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் நேர்ந்து நட்டது சாமி சொத்து. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க வேண்டாம். படம் வரைந்து, அளந்து எழுதிக்கொண்டால் போதும்.

8. மண்ணுக்குள் கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. கூடக் கிடந்த பானையோடும் மண்ணோடும் சேர்த்துப் பார்த்ததால்தான் அந்தக் காலம் தெரிந்தது. தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் வெறும் துருதான் மிச்சம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். புதையல் சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. நூறு வயது தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை.

9. அரிவாளோடு வீறாப்பு வேண்டாம். ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகைக் கணக்கில் எடுக்கின்றன. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் உரியதற்கு விலக்கு உண்டு. ஆனாலும் வாங்கிய சீட்டு இல்லாமல் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். அரிவாளைத் தூக்கிப் படமெடுத்துப் போடவே கூடாது. சாதிச் சண்டையில் இந்தச் சீமை எத்தனையோ பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறது. கதிரறுத்த இரும்புக்கு அந்தக் கெட்ட பெயரை நீங்களும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

10. முதல் அரிவாளைப் புதிதாக அடித்து வாங்குங்கள். கொல்லம்பட்டறை எங்கே இன்னும் நடக்கிறதோ அங்கே போய், சொல்லிவைத்து, அடிக்கும்போது கூடவே நில்லுங்கள். எந்த நிறத்தில் இரும்பை வெளியே எடுக்கிறார், வாயை எவ்வளவு நேரம் தண்ணீரில் தோய்க்கிறார் என்று பார்த்த கண்ணுக்குப் பழைய அரிவாள் தானாகவே பிடிபடும். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்த உலை எரிகிற வரைக்கும், நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பழைய இரும்புக்கும் விளக்கம் சொல்ல ஓர் ஆள் இருப்பார்.