கேஷுவாலிட்டி டாக்டரும் வார்டு டாக்டரும்

"அங்கேயே எல்லாம் சொல்லிட்டோமுங்களே டாக்டர், மறுபடியும் எதுக்குங்க கேக்கறீங்க?"

சேலம், நாமக்கல் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. ராத்திரி கேஷுவாலிட்டியில் ஒரு டாக்டர் துருவித் துருவி விசாரித்தார். வார்டுக்கு வந்தால் இன்னொருவர், 'எப்போ வலி வந்தது?' என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களா என்று நமக்கு எரிச்சல் வருகிறது.

பேசிக்கொள்கிறார்கள். ஆனால் இருவர் மனதிலும் இருக்கிற கேள்வி வேறு வேறு. கேஷுவாலிட்டி டாக்டருக்கு, 'இந்த நிமிஷம் உயிருக்கு ஆபத்தா?' என்பதுதான் முதல் கவலை. மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு இந்த மூன்றையும் பார்ப்பார். நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். பின்னாலேயே லாரி விபத்துக் கேஸ் வந்து நிற்கும். வார்டில் பார்ப்பவர் பொது மருத்துவர். மேல்நாட்டில் 'இன்டர்னிஸ்ட்' என்பார்கள், நம்மூரில் 'எம்.டி. டாக்டர்' என்றால்தான் புரியும். இவருக்கு, 'என்ன வியாதி, ஏன் வந்தது, நாளைக்கு என்ன ஆகும்?' என்பது கவலை. ஒருவர் நிமிஷத்தை எண்ணுகிறார், மற்றவர் நாட்களை எண்ணுகிறார். அதனால்தான் உரசல்.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் ரொம்ப காலம் கேஷுவாலிட்டி ஒரு வாசல் மாதிரிதான் இருந்தது. டூட்டி டாக்டர் முதலுதவி செய்வார், விபத்து, அடிதடி என்றால் ரிஜிஸ்டரில் எழுதுவார், உள்ளே அனுப்பிவிடுவார். அமெரிக்காவில் அவசர சிகிச்சை தனித்துறையாக 1979-லேயே அங்கீகாரம் பெற்றுவிட்டது. இந்தியாவில் 2009-ல்தான்! அதற்கப்புறம் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரித்துப் பார்க்கும் முறை வந்தது. வாசலாக இருந்த இடம் தனி சிகிச்சைப் பிரிவாகிவிட்டது. 'யார் சொல்வதை யார் கேட்பது?' என்கிற பிரச்னையும் கூடவே வந்தது.

போனில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"சார், 58 வயசு, சுகர் பேஷண்ட், மேல் வயித்துல வலி. அட்மிஷன் போடணும்."

"வயித்து வலின்னா சர்ஜரிக்குக் காட்டிட்டீங்களா?"

"ஈ.சி.ஜி.யில சின்ன மாற்றம் தெரியுது சார். சுகர் இருக்கறதால நெஞ்சுவலி இல்லாமலே ஹார்ட் அட்டாக்கா இருக்கலாம்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதைச் சொல்லாமல் 'வயித்து வலி' என்று மட்டும் போனை வைத்திருந்தால், அந்த மனிதர் மெடிசினா, சர்ஜரியா என்று ஸ்ட்ரெச்சரிலேயே அலைந்திருப்பார்.

நம் பக்கத்துக் கிராமங்களுக்கே உரிய உதாரணம் ஒன்று உண்டு. தரையில் படுத்துத் தூங்கியவரை ராத்திரி கட்டுவிரியன் கடிக்கிறது. கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, பல தடவை தடயமே தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார். பாம்புக்கடி சந்தேகம் என்றால் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன் கடித்து விஷம் ஏறியிருந்தால் பெரும்பாலும் உறையாது. கட்டுவிரியன் விஷமோ நரம்பைத்தான் தாக்கும், ரத்தம் ஒழுங்காக உறைந்துவிடும். சீட்டில் 'டெஸ்ட் நார்மல்' என்று மட்டும் எழுதி வார்டுக்கு அனுப்பினால்? (டாக்டர்கள் கையெழுத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை!) 'கண் இமை கனமா இருக்குன்னு சொன்னார், மூச்சைக் கவனிச்சுக்கிட்டே இருங்க' என்று கேஷுவாலிட்டி டாக்டர் வாயைத் திறந்து சொன்னால்தான் வார்டு டாக்டர் உஷாராவார்.

பூச்சிமருந்து விஷமும் அப்படித்தான். அட்ரோபின் ஊசியில் ஆள் தெளிந்துவிடுவார், 'நல்லாயிட்டாருங்க' என்று வீட்டார் நிம்மதியாவார்கள். சில மருந்துகளில் ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தளரும், பிறகு மூச்சுத் தசையும் சோர்ந்துவிடும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு உடம்பில் போனது என்கிற விவரம் வார்டுவரை வந்து சேர வேண்டும். டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு வாருங்கள்.

ஆகவே ரெண்டாவது டாக்டர் மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை பதற்றத்தில் விட்டுப்போன விஷயம், ரெண்டாவது தடவை ஞாபகம் வருவது சகஜம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, பழைய ஈ.சி.ஜி., ராசிபுரத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ சேலத்துக்கு அனுப்பியிருந்தால் அங்கே கொடுத்த சீட்டு, போட்ட ஊசியின் நேரம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பையை வைத்திருப்பவரும் ஒருவராகவே இருக்கட்டும். மாமா பாதி, சித்தப்பா பாதி சொல்லிக் குழப்ப வேண்டாம்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது இடைப்பட்ட நேரம். அட்மிஷன் எழுதியாச்சு, படுக்கை காலியில்லை, நோயாளி கேஷுவாலிட்டியிலேயே கிடக்கிறார். 'வார்டு டாக்டர் பார்ப்பார்' என்று இவரும், 'இன்னும் இங்கே வரலையே' என்று அவரும் நினைத்தால் நடுவில் யாருமே இல்லை. டூட்டி மாறும் காலை, ராத்திரி வேளைகளிலும் இதே நிலைமைதான். அந்த நேரத்தில் நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள்: "சிஸ்டர், இப்போ இவரு எந்த டாக்டர் பொறுப்புல இருக்காருங்க? அவருக்குச் சொல்லியாச்சுங்களா?"