படத்திற்குச் சட்டம் அமைப்போம்

நம் பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் சில ஆண்டுகளில் பூஞ்சணம் படிந்து பாழாவதைக் காண்கிறோம். நம் நாட்டின் ஈரக்காற்றே இதற்குக் காரணம். சட்டத்தை நாமே முறையாக அமைத்து அவற்றைக் காக்கலாம்.

நான்கு கட்டைகளின் இரு முனைகளையும் 45 பாகைச் சாய்வில் அறுத்து, பசையாலும் சிற்றாணிகளாலும் பொருத்துதல் வேண்டும். அமிலமற்ற அட்டையில் சாளரம்போல் வெட்டிப் படத்தின்மேல் வைத்தால், கண்ணாடி ஓவியத்தில் ஒட்டாது.

படம் முழுவதையும் ஒட்டலாகாது. தாள் ஈரத்தில் விரிந்து, உலர்ந்தால் சுருங்கும். மேல்விளிம்பில் மட்டும் இரு தாள்துண்டுகளை மாவுப்பசையால் ஒட்டித் தொங்கவிடுதல் போதும். ஒட்டுநாடா மஞ்சள் கறை விடுமாதலால் அதனைத் தவிர்ப்போம்.

சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்திற்கும் இடையே காற்று உலவும். வெயில் வண்ணத்தை வெளிறச் செய்யும். எனவே, வெயில் படாத உட்சுவரில் மாட்டுவோம். இன்றைய சிறுவனின் கைவண்ணத்தை நாளை அவன் பிள்ளைகளும் கண்டு மகிழட்டும்.