ஆடிப் பார்ப்போம்: ஃபிளாக் ஃபுட்பால்

குழந்தைகளே! 2023 அக்டோபரில் நம் மும்பையில் சர்வதேச ஒலிம்பிக் குழு கூடியது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் உண்டு என்று முடிவானதும் எல்லோரும் மகிழ்ந்தோம். அன்றே இடம்பெற்ற இன்னொரு ஆட்டம்தான் ஃபிளாக் ஃபுட்பால்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். இதில் தள்ளினால் தண்டனை. ஒவ்வொருவர் இடுப்பின் இருபுறமும் நாடா தொங்கும். ஓடுபவரின் நாடாவில் ஒன்றை உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே நிற்கும். ஓடுபவர் நாடாவைக் கையால் மறைக்கக் கூடாது.

விதிகள் எளிது:

1. களத்தில் அணிக்கு 5 பேர்.

2. மைதானம் 50 கெஜ நீளம், 25 கெஜ அகலம். இரு முனையிலும் 10 கெஜத்துக்கு இலக்குப் பகுதி.

3. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, பிடித்து ஓட வேண்டும்.

4. நான்கு முயற்சிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் மேலும் நான்கு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு.

5. பந்தோடு இலக்குப் பகுதியை அடைந்தால் 6 புள்ளி.

வீட்டில் பழைய துணியை இரண்டு பட்டையாகக் கிழித்து இடுப்பில் செருகுங்கள். முடிச்சுப் போடாதீர்கள்; இழுத்ததும் கையோடு வர வேண்டும். முதலில் பந்தில்லாமல் இருவர் இருவராக நாடா உருவிப் பழகுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடிபடும் என்று பெண் குழந்தைகளைத் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். இதில் பலத்தைவிட வேகமும் கவனமும்தான் வெல்லும். ஒலிம்பிக்கிலும் ஆண், பெண் இருபாலருக்கும் போட்டி உண்டு. அக்காவும் தம்பியும் ஒரே அணியில் ஆடட்டுமே!