புது மருமகள் மேல் பழி

ஜொகூரின் உலு திராமில் எங்களுக்கு ஒரு மளிகைக்கடை. எட்டு கேமரா, கல்லாவுக்குப் பின்னால் ஊதுபத்தி அலமாரியின் உச்சியில் ஒரு டிவிஆர், அதாவது கேமராப் படங்களைப் பதியும் பெட்டி. 2016இல் பொருத்தியது. அதில் என்ன ஓடுகிறது என்று ஒன்பது ஆண்டுகள் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. பச்சை விளக்கு எரிகிறதா, போதும்.

கடைக்கு முன்னால் அஞ்சடியில் நிறுத்தியிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் காணாமல் போனபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் போலீஸ் பாலாயில் புகார் கொடுத்து, அலைந்து திரிந்து, எங்கள் கடை கேமரா ஞாபகத்துக்கு வந்து கேட்க ஒன்பது நாள் ஆகிவிட்டது. எங்கள் பெட்டியிலோ ஆறு நாள் படம்கூட முழுதாக இல்லை.

இதில் மர்மம் ஒன்றுமில்லை, கணக்குதான். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்திருந்தார்கள். எட்டுக்கும் சேர்த்து 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய 173 ஜிபி. பழைய 1 டிபி டிஸ்க் ஆறாம் நாள் முடிவதற்குள் நிரம்பி, பழையதை அழித்துக்கொண்டே போகும். 4 டிபி போட்டால் 23 நாள் நிற்கும். புதிய ரெக்கார்டர்களில் இருக்கும் எச்.265 முறையில் படத்தைச் சுருக்கினால் இதே இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் கிடைக்கும். எங்கள் பெட்டி அதற்கு முந்திய காலத்தது. பெட்டியையே மாற்றலாம் என்றான் மச்சான் மகன். ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. டிஸ்க்கை மட்டும் மாற்றுவோம் என்றேன். அரை மணி நேர வேலை என்றான். நான்கு நாள் ஆனது.

டிஸ்க் வாங்கும்போது நான் செய்த ஒரே சரியான காரியம், கணினிக்கான மலிவு டிஸ்க்கை விட்டுவிட்டு, கண்காணிப்புக்கென்றே வருவதை வாங்கியது. வெஸ்டர்ன் டிஜிட்டலில் அதற்குப் பர்ப்பிள் என்று பெயர், சீகேட்டில் ஸ்கைஹாக். பெயரை மாற்றி விலையை ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வேறுபாடு நடத்தையில் இருக்கிறது. கணினி டிஸ்க் ஓரிடத்தில் எழுத முடியாவிட்டால் மீண்டும் மீண்டும் பல நொடிகள் முயன்று பார்க்கும். கணினி காத்திருக்கும், கேமரா காத்திருக்காது. எட்டு கேமராவும் நிற்காமல் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் ஓரிடத்தில் முரண்டு பிடித்தால், அந்த நொடிகள் பதிவில் ஓட்டையாகிவிடும். கண்காணிப்பு டிஸ்க், கெட்ட இடத்தை விட்டுவிட்டு மேலே போகும்படி செய்யப்பட்டது, இரவு பகலாகச் சுழலவும் தாங்கும். இன்னொரு சேதி: ஹார்ட்டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுகளின் அடித்தகடு நம் ஜொகூரிலேயே தயாராகிறது. டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசம் வந்தது.

முதல் நாள் இரவு கடையைச் சாத்திவிட்டு மாட்டினோம். சின்னத் திருகாணிகள் நான்கு, வயர் இரண்டு. சுவிட்சைப் போட்டால் திரையில் சின்னம் வந்தது, டிஸ்க் சுழலத் தொடங்கியது, 'டிக்' என்று ஒரு சத்தம், திரை இருண்டது. மறுபடியும் சின்னம், மறுபடியும் டிக். பத்து முறை.

"மாமா, டிஸ்க் செத்துப் பொறந்திருக்கு," என்றான் பையன்.

"பழசு நல்லாத்தானே ஓடுச்சு, அதையே போடுங்களேன்," என்றார் மனைவி.

பழசைப் போட்டோம். ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது. புது மருமகள் வந்த மறுநாள் வீட்டில் பால் திரிந்தால் யார் மேல் பழி விழும்? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க நானும் டிஸ்க்கை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டேன்.

பையனுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மறுநாள் வீட்டுக் கணினியில் மாட்டிப் பார்த்திருக்கிறான். ஜோராகச் சுழன்றதாம். டிஸ்க்கின் சுயசோதனைப் பதிவையும் பார்த்தான்: பிழை ஒன்றுமில்லை, ஓடிய நேரம் பூஜ்யம். (அந்த ஓடிய நேரத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். எனக்குத் தெரிந்த ஒருவர் இணையத்தில் வாங்கிய 'புது' டிஸ்க் முப்பதாயிரம் மணி நேரம் ஓடியிருந்தது, அதாவது மூன்றரை ஆண்டு. அந்த எண்ணையே அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு.)

குற்றவாளி அடாப்டர். ஹார்ட்டிஸ்க் ஓடும்போது குடிக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். நின்றுகொண்டிருக்கும் தட்டுகளை உருட்டிவிடும் அந்த முதல் சில நொடிகளில்தான் பசி அதிகம், 12 வோல்ட்டில் ஒன்றரை முதல் இரண்டு ஆம்பியர் வரை கேட்கும். எங்கள் அடாப்டரில் எழுதியிருந்ததே 12 வோல்ட், 2 ஆம்பியர். அதில் டிவிஆரும் உயிர் வாழ வேண்டும். போதாக்குறைக்கு, என்றைக்கோ வந்த யாரோ ஒருவர் வாசல் கேமராவுக்கும் அதே வயரிலிருந்து ஒரு கிளை இழுத்துவிட்டிருந்தார். பழைய டிஸ்க்கின் பசி சின்னது, அதனால் ஒன்பது ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் காலம் ஓடியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். சும்மா இருக்கும்போது 12க்கு மேல் காட்டியது, டிஸ்க் எழும்பும் நொடியில் 10க்குக் கீழே சரிந்தது. சும்மா இருக்கும்போது மட்டும் அளந்திருந்தால் அடாப்டர் யோக்கியன் என்றே முடிவு கட்டியிருப்போம்.

5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று முப்பது வெள்ளிக்குள் முடிந்தது. வோல்ட் அதே 12ஆக இருக்க வேண்டும், முனையின் பருமனும் பிளஸ் மைனஸ் பக்கமும் பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை, பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வாசல் கேமராவுக்குத் தனி அடாப்டர் வைத்தோம்.

பெட்டி எழுந்தது. அடுத்த அதிர்ச்சி: 4 டிபி டிஸ்க்கை 1678 ஜிபி என்று காட்டியது.

இந்த எண்ணை நான் மறக்க மாட்டேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரருக்குப் போன் போடப் போனேன். பையன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். பழைய ரெக்கார்டர்கள் சில டிஸ்க்கின் கட்டங்களை 32 பிட் எண்ணால் எண்ணுகின்றன. அதன் உச்சம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். ஒரு கட்டத்துக்கு 512 பைட், பெருக்கினால் 2.2 டிபி. அதற்கு மேல் போனால், பழைய காரின் மீட்டர் 99999க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவது போல, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். 4 டிபியில் அந்த 2.2ஐக் கழித்துப் பாருங்கள், மிச்சத்தை இயந்திரம் எண்ணும் முறையில் எண்ணினால் (அது பின்னால் வருகிறது) அச்சாக அந்த 1678. குறைந்த அளவு போதும் என்று அப்படியே ஓட்டிவிடலாமா என்று கேட்டேன். எண்ணத் தெரியாத கணக்குப்பிள்ளையிடம் கல்லாச் சாவியைக் கொடுப்பீங்களா மாமா என்றான்.

தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான புதிய உள்மென்பொருள் இருந்தது. மாடல் எண் மட்டுமல்ல, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி செங்கல் ஆகிவிடலாம். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து ஏற்றினோம். அந்த ஐந்து நிமிடம் மின்சாரம் போகக் கூடாது. வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது, ஜொகூரில் மாலை நேரத்துக்கு இது புதிதா? பையனைத் தடுத்து, யுபிஎஸ் கொண்டு வரச் சொல்லி, அதில் செருகிய பிறகே தொடரவிட்டேன். இந்தக் கதையில் என் பங்கு என்று பெருமை பேச எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

இம்முறை 3726 ஜிபி என்று காட்டியது. மீதி 274 எங்கே என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், இயந்திரம் 1024ஆக எண்ணுகிறது. யாரும் திருடவில்லை. டிஸ்க்கை டிவிஆரின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்தோம், கணினியில் செய்து வந்தால் அது ஏற்காது. இதிலேயே எதிர்ப்பக்க ஆபத்தும் இருக்கிறது. பழைய டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால், 'இதை ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். அந்தப் பெட்டியின் எழுத்துமுறை அதற்குப் புரியாது, அவ்வளவுதான். ஆம் என்று அழுத்தினால் உள்ளே இருக்கும் படங்களுக்குக் கொள்ளி வைத்தது போல. பழைய டிஸ்க்கின் மேல் தேதி எழுதி, பிளாஸ்டிக் பையில் கட்டி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, நேரடிப் படம் எட்டும் பளிச்சென்று தெரிந்தது. நேற்றிரவுப் பதிவைத் தேடினால் ஒன்றுமே இல்லை. டிஸ்க்கில் இடம் மட்டும் குறைந்திருந்தது. எங்கேயோ எழுதியிருக்கிறது, எங்கே? 1.1.2000இல்! பெட்டி மின்சாரம் இல்லாமல் திறந்து கிடந்தபோது கடிகாரம் பிறந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. உள்ளே ஒரு நாணய பேட்டரி இருக்கிறது, சிஆர்2032, கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். அது எப்போது செத்ததோ, பெட்டி அணையாமலே ஓடியதால் சாவு வெளியே தெரியவில்லை. நேர மண்டலத்தில் மட்டும் நமக்குத் தலைவலி இல்லை. சீனாவில் செய்த பெட்டிகள் பெரும்பாலும் ஜிஎம்டி+8இல் வருகின்றன, தீபகற்ப மலேசியாவும் அரை மணி நேரத்தை முன்னே தள்ளி 1982 ஜனவரி 1 முதல் அதே நேரத்துக்கு வந்துவிட்டது. பேட்டரியை மாற்றி, கைபேசியைப் பக்கத்தில் வைத்து நொடி வரை சரி பார்த்து, அந்த ஓர் இரவுப் பதிவுதானே என்று மீண்டும் ஃபார்மேட் செய்தோம். போலீஸ் கேட்கும் படத்தில் நேரம் ஏழு நிமிடம் தள்ளி இருந்தால், அடுத்த கேள்வி நம்மிடம்தான் வரும்.

மென்பொருள் ஏற்றும்போது பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்துபோயின. இதை எதிர்பார்த்துப் பையன் ஆரம்பத்திலேயே மெனுவின் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தான். கெட்டிக்காரன். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனமே ஒரு வம்பை இழுத்தது. படத்தைப் பார்த்து அப்படியே போட்ட அட்டவணையில், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் 'அசைவு இருந்தால் மட்டும்' பதிவு. 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், நாங்களும் வெள்ளி மதியம் அடைத்துவிடுவோம். 2025 ஜனவரியிலிருந்து சனி ஞாயிறு ஆகிவிட்டது. ஊரே மாறியும் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளி மாலைக் கூட்டம் துண்டு துண்டாகப் பதிந்திருந்தது, யாருமில்லாத ஞாயிறு மாலை முழுநீளப் படமாக இருந்தது.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. மூடியைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை ஓடு, எறும்பு, ஊதுபத்திச் சாம்பல். டிஸ்க்குக்கு ஆகாதது சூடு. பெட்டியைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டு, ஊதுபத்தியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். தரையோரம் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். 2023 மார்ச்சில் சிகாமட்டும் பத்து பகாட்டும் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவன் நான், வைப்பேனா?

இன்னொரு வம்பு பாக்கி இருந்தது. நிரம்பினால் பழையதை அழித்து எழுது என்ற கட்டளை, அமைப்புகள் அழிந்தபோது அதுவும் அணைந்திருந்தது. நான்காம் நாள் தற்செயலாகக் கண்ணில் பட்டு, அதை இயக்கினோம். பட்டிருக்காவிட்டால் பெட்டி 23 நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, டிஸ்க் நிரம்பியதும் எழுதுவதை நிறுத்தியிருக்கும். பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

நாட்காட்டியில் 24ஆம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அன்று இரவு கல்லாவை எண்ணி முடித்துவிட்டு மவுஸை எடுத்தேன். பதிவின் முதல் தேதி ஒரு நாள் முன்னே நகர்ந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுக்குத்தான் இத்தனை நாளா தேதி பார்த்துக்கிட்டு இருந்தீங்களா," என்று கேட்டுவிட்டு ஷட்டரை இறக்கப் போனார். அதுவும் மூன்றாம் கேமராவில் பதிவாகியிருக்கிறது.