அலைனர் பல்லில் சரியாக உட்கார

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் டீ, டிபன் என்று, பல்லை நேராக்கும் உறையான அலைனரைப் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். தினம் 20 முதல் 22 மணி நேரமாவது அது பல்லில் இருக்க வேண்டும். அவசரமாக விரலால் அழுத்திவிட்டு ஓடினால் பல் நுனிக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி நிற்கும். அந்தப் பல் திட்டப்படி நகராது. கண்ணாடியில் பார்த்தாலே இடைவெளி தெரியும்.

அழுத்தி உட்காரவைக்க, 'சூயி' என்னும் மெத்தென்ற சிறு உருளையே என் முதல் தேர்வு. விலை குறைவு, பிடிவாதமான கோரைப்பல்லை மட்டும் தனியாகக் கவனிக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி கடித்துப் பிடித்து, விட்டு, அடுத்த பல்லுக்கு நகருங்கள். புது செட் மாட்டிய முதல் சில நாட்கள் 5 முதல் 10 நிமிடம், இருவேளை செய்யுங்கள். சொதசொதவென்று ஆனதும் மாற்றிவிடுங்கள்.

சூயிக்கு மாற்றான சிலிகான் கடிப்பான் நெடுநாள் உழைக்கும், கழுவுவதும் எளிது, விலைதான் கூடுதல். தாடை மூட்டு வலி இருப்பவர்கள் எதையும் மருத்துவரைக் கேட்டே கடியுங்கள்.

கொக்கி போன்ற கருவி கழற்ற மட்டுமே. பேனா மூடி எதற்கும் வேண்டவே வேண்டாம். வெந்நீரும், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியும் அலைனரை வளைத்துவிடும்.

சில நாளாகியும் இடைவெளி குறையவில்லையா? அடுத்த செட்டுக்குத் தாவாமல் பல் சீரமைப்பு நிபுணரைப் பாருங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பழைய செட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.