ஒப்பனைப் பேழையும் உடைமை உரிமையும்

பேழை, பெட்டகம், செப்பு, சிமிழ் எனப் பொருள்களைப் பொதிந்து வைக்கும் கலங்களுக்குத் தமிழில் பெயர்கள் பல. மைக்குச் சிமிழ், அணிகலனுக்குப் பேழை என்று பயன் நோக்கி அவற்றை வேறுபடுத்தி வழங்கினர் நம் முன்னோர். இவை அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிக் காட்டியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தச்சரும் வெள்ளிக் கொல்லரும் ஆவர். விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில் (1837-1901) இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களில் விளங்கிய 'டிரஸ்ஸிங் பாக்ஸ்' என்னும் மரப்பெட்டியை ஒப்பனைப் பேழை எனப் பெயரிட்டு ஈண்டு ஆராய்வோம். தமிழ்த்துறை மலரில் சீமைப் பெட்டிக்கு என்ன வேலை என வினவுவோர் உளராயின், ஏட்டைப் படிப்பது போலவே பொருளையும் படித்தல் கூடும் என்பதே நம் விடை.

பேழையின் அமைப்பு

தோதகத்தி, மகோகனி, வால்நட் ஆகிய மரங்களால் பேழைகள் செய்யப்பட்டன. இவற்றினும் உயர்வாக மதிக்கப்பெற்றது 'கோரமண்டல்' மரம். கருமையும் பழுப்பும் வரிவரியாக ஓடும் இம்மரம் இலங்கைக் காடுகளில் வளர்ந்த கருங்காலி இனத்தைச் சார்ந்தது. சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இலண்டன் சீமாட்டியின் அறைக்குள் சோழர் பெயர் இவ்வாறு நுழைந்திருந்தது. அளவின்றி வெட்டப்பட்டமையால் அம்மரம் இன்று அருகிவிட்டது.

பெட்டியின் விளிம்புகளைப் பித்தளைப் பட்டை காக்கும். மூடியின் நடுவே பதித்த தகட்டில் உடையவரின் பெயர் முதலெழுத்துகள் பொறிக்கப்பெறும். மூடியைத் திறந்தால் உட்புறம் கண்ணாடி. அதன் பின்னே கடிதங்கள் வைக்க ஒரு பை. கீழே பட்டும் வெல்வெட்டும் போர்த்திய குழிகளில் வெள்ளி மூடியிட்ட பளிங்குக் கண்ணாடிக் குப்பிகளும் சிமிழ்களும் அமர்ந்திருக்கும். நறுநீர், முகப்பூச்சுத் தூள், பல்பொடி, தலைக்கு நெய் என ஒவ்வொன்றுக்கும் ஓரிடம். முத்துச்சிப்பிப் பிடியிட்ட நகக் கருவிகளுக்குத் தனித் தட்டு. பெட்டியின் அடியில், பித்தளைக் குமிழை அழுத்தினாலன்றி வெளிவராத அணிகலன் அறை ஒன்றும் மறைந்திருக்கும்.

கண்ணாடியின் மீது எடைக்கேற்ப விதிக்கப்பட்டிருந்த வரியை இங்கிலாந்து 1845இல் நீக்கியது. கனத்த கண்ணாடியை ஆழமாகப் பட்டை தீட்டும் தொழில் அதன்பின் செழித்தது. குப்பிக்குள் இருந்த நறுமணத்திற்கோ நெடிய வரலாறு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி நறுமணப் பொருள்களையும் வாலை வடித்தலையும் பற்றித் தனி நூல் இயற்றினார். வாலைக் கலத்தைக் குறிக்கும் 'அலம்பிக்' என்னும் ஐரோப்பியச் சொல் 'அல்-அன்பீக்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. அத்தர் மணக்கும் இல்லங்களில் வளர்ந்த நம் மாணாக்கர் இதனை அறிந்திருத்தல் நலம்.

வெள்ளி முத்திரைகள் கூறுவன

ஒரு பேழையின் காலத்தை எவ்வாறு கணிப்பது? குப்பி மூடியின் வெள்ளியில் கடுகளவாகப் பொறித்த முத்திரைகளே சான்று. நடக்கும் சிங்கம், ஆயிரத்திற்கு 925 பங்கு தூய வெள்ளி என்பதைக் குறிக்கும். சிறுத்தைத் தலை இலண்டனையும் நங்கூரம் பர்மிங்காமையும் சுட்டும். அரசரின் தலை பொறித்திருந்தால் வரி செலுத்தப்பட்டது என்பது பொருள். அவ்வழக்கம் 1890இல் ஒழிந்தது. இவற்றுடன் ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஒன்றும் உண்டு. இலண்டன் முத்திரையில் இருபதாண்டுகளுக்கு ஒருமுறை எழுத்தின் வடிவம் மாறும். பழைய கோதிக் வடிவச் சிற்றெழுத்து வரிசை 1856இல் தொடங்கியது. ஆகவே அவ்வடிவில் 'டி' காணப்படின் ஆண்டு 1859 எனக் கொள்ளலாம்.

பேழையிலுள்ள மூடிகள் அனைத்தும் ஒரே ஆண்டெழுத்தைத் தாங்கியிருத்தல் முறை. ஒன்று மட்டும் வேறுபட்டால் அது பிற்காலத்தார் சேர்த்தது. சுவடியில் நாம் இடைச்செருகலை இனங்காணும் முறையும் இதுவேயன்றோ! வெள்ளியை மட்டும் கழற்றி உருக்கி விற்றோர் பலர். மூடியிழந்த குப்பிகளுடன் நிற்கும் பேழை முதலும் ஈறும் சிதைந்த ஏட்டை ஒக்கும்.

பூட்டும் உரிமையும்

உயர்ந்த பேழைகள் பலவற்றில் ஜோசப் பிரமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு பொருத்தப்பட்டது. அதனைச் சாவியின்றித் திறப்போர்க்கு 200 கினி பரிசு என்னும் அறிவிப்புடன் இலண்டன் பிக்கடிலியிலிருந்த கடையின் சாளரத்தில் அவ்வகைப் பூட்டு ஒன்று பல்லாண்டு தொங்கியது. 1851இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் 16 நாள்களில் 51 மணிநேரம் உழைத்து அதனைத் திறந்தார்.

கள்வனுக்கு 51 மணிநேரம் தேவைப்பட்டது. கணவனுக்கு அத்தகைய உழைப்பே வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, மணமானவுடன் மனைவியின் அசையும் பொருள்கள் கணவனுடைமை ஆயின. அவள் அணியும் ஆடைக்கும் நகைக்கும் ஓரளவு விலக்கு இருந்தது எனினும், கணவன் தன் வாழ்நாளில் அவற்றையும் விற்கலாம். செல்வர் சிலர் அறங்காவலர் வழியாகத் தம் மகளிர்க்குத் தனிச்சொத்து வைத்துச் சட்டத்தைக் கடந்தனர்; ஏனையோர்க்கு அவ்வழி இல்லை. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் அம்மையாரின் பணப்பை இலண்டன் வாட்டர்லூ இரயில் நிலையத்தில் களவாடப்பட்டது. வழக்குமன்றத்தில் அப்பை அவர் கணவர் ஹென்றி ஃபாசெட்டின் உடைமை எனக் குறிக்கப்பட்டதைக் கண்டு, தாமே திருடியாகக் குற்றஞ்சாட்டப்பட்டது போல் உணர்ந்ததாக அம்மையார் பின்னர் எழுதினார்.

திருமறையின் நான்காம் அத்தியாயமாகிய அந்நிஸா, மஹரை மகளிர்க்கு மனமுவந்து அளிக்குமாறு ஆடவரைப் பணிக்கிறது. மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது என்பது பல நூற்றாண்டுகளாக நம் சட்ட மரபு. இதனைக் கூறிப் பெருமிதம் கொள்வது எளிது. எனினும் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் வெறும் எண்ணாக நின்றுவிட, கைக்கூலி மட்டும் எண்ணி வாங்கப்படும் திருமணங்களை நாம் கண்டிலமா? மணமகளின் நகை அவளைக் கேளாமலேயே அடகுக் கடைக்குச் செல்லும் இல்லங்கள் நம்மிடையே இல்லையா? ஆங்கிலேயனின் பழைய சட்டத்தைக் கண்டு நகைக்குமுன் ஜமாஅத் பெரியோர் இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டும் என உரிமையுடன் வேண்டுகிறோம்.

இங்கிலாந்தில் மணமான பெண்ணின் ஊதியம் அவளுக்கே உரியது என 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. முழுச் சொத்துரிமையையும் ஏற்ற 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1883 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மேலே நாம் எடுத்துக்காட்டிய 1859ஆம் ஆண்டு முத்திரைக்கே மீள்வோம். அவ்வாண்டில் இருபது வயது மணமகள் ஒருத்தி அத்தகைய பேழையைப் பரிசாகப் பெற்றாள் எனக் கொள்க. புதிய சட்டம் வந்தபோது அவளுக்கு ஏறத்தாழ நாற்பத்து நான்கு வயது. ஆனால் 1883க்கு முன் மணந்தோர்க்கு, அந்நாளுக்குப் பின் வந்துசேரும் பொருள்களிலேயே அச்சட்டம் உரிமை அளித்தது. மூடியில் அவள் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. சாவியும் அவள் கையில் இருந்தது. பேழை மட்டும் சட்டத்தின் கண்ணில் கணவனுடையதாகவே நீடித்தது.