மறையும் எழுத்துகள்: எக்ஸ்.எம்.எல். ஆவணங்களில் வரிவடிவக் குறையும் அதனைக் களையும் முறையும்

அரசாங்க ஆவணம் ஒன்றில் ஓர் எழுத்து விடுபடுதல் சிறு குறையன்று. முகவரியில் எழுத்து மறைந்தால் ஆணை உரியவரைச் சென்றடையாது. அளவைக் குறிக்கும் பின்னம் மறைந்தால் அளவே மாறிவிடும். ஈயெழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், பெட்டியில் ஓரெழுத்து தீர்ந்துபோனால் அச்சுக்கோப்பவர் வேறோர் எழுத்தைத் தலைகீழாக வைத்து இடத்தை நிரப்புவார். தாளில் விழும் கறுப்புத் தடம் மெய்ப்புத் திருத்துபவரை எச்சரிக்கும். கணிப்பொறி அச்சில் அவ்விடத்தில் தோன்றுவது வெற்றுக் கட்டம். அது ஏன் தோன்றுகிறது, எவ்வாறு நீக்குவது என்பன ஈண்டு விளக்கப்பெறுகின்றன.

எண்ணும் எழுத்தும்

ஆவணத்தின் உள்ளடக்கத்தை அதன் தோற்றத்தினின்றும் பிரித்து, தலைப்பு, முகவரி, தொகை என்றவாறு பெயரிட்ட அடையாளங்களுக்குள் அமைக்கும் முறையே எக்ஸ்.எம்.எல். ஆகும். 1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இது உலகத் தரமாகப் பரிந்துரைக்கப்பட்டது. இம்முறையில் எழுத்துகள் யாவும் யூனிக்கோடு அட்டவணையின் எண்களாகவே நிற்கின்றன. அவ்வட்டவணையில் தமிழுக்குரிய முதன்மைப் பகுதி 2944 முதல் 3071 வரை அமைந்துள்ளது.

புதுதில்லியிலுள்ள கிட்வாய் நகரை எடுத்துக்காட்டாகக் கொள்க. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சரான ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய அப்பகுதி, மத்திய அரசு ஊழியர் குடியிருப்பாக எழுந்ததாகும். ‘கிட்வாய்’ என்னும் சொல்லில் படிப்பவர் கண்ணுக்குப் புலனாவன நான்கு எழுத்துகள். கணிப்பொறியில் இருப்பனவோ 2965, 3007, 2975, 3021, 2997, 3006, 2991, 3021 ஆகிய எட்டு எண்கள். ககரமும் இகரக் குறியும் சேர்ந்து ‘கி’ ஆகின்றன, டகரமும் புள்ளியும் சேர்ந்து ‘ட்’ ஆகின்றன, ஏனையவும் இவ்வாறே.

எண்ணுக்கு உருவம் கிடையாது. உருவத்தை அளிப்பது எழுத்துரு. 1978ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு அரசாணையால் ணை, லை, றா, னா போன்றவற்றின் வடிவங்கள் மாறின. பழைய வடிவாயினும் புதிய வடிவாயினும் இன்று அவற்றின் எண்கள் ஒன்றே, எழுத்துருவே வேறு. எண் இருந்தும் அதற்குரிய வடிவம் எழுத்துருவில் இல்லாதபோது, ‘வடிவமில்லை’ என்பதற்கென ஒதுக்கிய கட்டம் அச்சாகிறது.

மூவகைக் குறைகள்

குறையின் தோற்றத்தைக் கொண்டே அதன் காரணத்தைப் பெரும்பாலும் கண்டறியலாம்.

முதலாவது, வெற்றுக் கட்டம். இங்கு எண் பழுதின்றி உள்ளது; வடிவம் மட்டுமே இல்லை. எக்ஸ்.எம்.எல். ஆவணத்தைப் பி.டி.எஃப். ஆக்கும் அப்பாச்சி எஃப்.ஓ.பி. என்னும் மென்பொருள், கட்டத்துக்கு மாறாக # என்னும் குறியை இட்டு, இன்ன எண்ணுக்கு வடிவமில்லை என்று எச்சரிக்கையும் எழுதிவைக்கும்.

இரண்டாவது, கேள்விக்குறி அல்லது பொருளற்ற அயலெழுத்துகளின் வரிசை. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எண்ணும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும். ‘கிட்வாய்’ 24 பைட்டுகள் கொள்ளும். அவற்றைத் தனித்தனி எழுத்தாகத் தவறிப் படிப்பதால் அயலெழுத்துகள் தோன்றுகின்றன. கேள்விக்குறி தோன்றுமாயின், தமிழை ஏற்காத குறிமுறைக்கு மாற்றியபோது எண்ணே அழிந்திருக்கக் கூடும். அழிந்ததை எந்த எழுத்துருவாலும் மீட்க இயலாது. மூலத்துக்கே திரும்ப வேண்டும்.

மூன்றாவது, இடம் மாறிய குறி. ‘கெ’ என்பதில் எகரக் குறி எண் வரிசையில் ககரத்துக்குப் பின்னும், அச்சில் முன்னும் நிற்கும். இம்மாற்றத்தைச் செய்யும் ஆற்றல் அச்சமைப்பு மென்பொருளுக்கு வேண்டும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்க்குறிகள் 11, புள்ளி 1 ஆக 43 எண்களால் தமிழின் 247 எழுத்துகளும் அமைகின்றன. எனவே 43 எண்களுக்கும் வடிவம் இருத்தல் மட்டும் போதாது. கு, பு, டி போன்ற கூட்டு வடிவங்களும் எழுத்துருவில் இருத்தல் வேண்டும்.

புதுவரவுகள்

பழைய எழுத்துருக்கள் பின்னர்ச் சேர்ந்த எழுத்துகளை அறியா. ஶ என்னும் கிரந்த எழுத்து 2005இல் யூனிக்கோட்டில் இடம்பெற்றது. இந்திய ரூபாய்க் குறியை மத்திய அமைச்சரவை 2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஏற்றது; அவ்வாண்டு அக்டோபரில் 8377 என்னும் எண் அதற்கு உரியதாயிற்று. முக்கால், அரைக்கால், மாகாணி முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் அடங்கிய 51 குறிகள் 2019இல் தனிப்பகுதியாகச் சேர்க்கப்பட்டன. பழைய நிலப்பதிவுகளையும் கணக்கேடுகளையும் பதிப்பிப்போர்க்கு இவை இன்றியமையாதவை. பல தமிழ் எழுத்துருக்களில் இவற்றுக்கு வடிவமில்லை.

களையும் முறை

முதற்கண், மூல ஆவணத்தில் வழங்கும் எண்களை எல்லாம் திரட்டி, எழுத்துருவிலுள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். இதனைச் சிறு நிரலொன்று நொடியில் செய்துவிடும். இல்லாத எண்களின் பட்டியலே நோயின் கணிப்பாகும். கண்ணுக்குப் புலப்படாத குறிகளையும் இப்பட்டியல் காட்டும். சான்றாக, எழுத்துகள் கூடாமல் தடுக்கும் 8204 என்னும் குறி சில எழுத்துருக்களில் கட்டமாகத் தோன்றுவதுண்டு.

அடுத்து, வடிவமுள்ள எழுத்துருவைத் தெரிந்து, அச்சமைப்பு மென்பொருளின் அமைப்புக் கோப்பில் அதனைப் பதிவு செய்ய வேண்டும். பி.டி.எஃப். முறைக்கு அடிப்படையாக வகுத்த 14 எழுத்துருக்களில் ஒன்றிலும் தமிழ் கிடையாது. ஆதலால் பதிவு செய்யாமல் விட்டால் தமிழ்ப் பகுதி முழுவதுமே மறையும். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்துக்கு எழுத்துருக்களை வரிசையாகக் குறித்தல் வேண்டும். முதலதில் இல்லாத வடிவம் அடுத்ததிலிருந்து எடுக்கப்படும்.

மூன்றாவதாக, எழுத்துருவை ஆவணத்தினுள்ளேயே பொதிய வேண்டும். பொதியாத ஆவணம் ஆக்கியோரின் கணிப்பொறியில் செவ்வனே தோன்றிப் பெறுவோரின் கணிப்பொறியில் சிதையலாம். நெடுநாட் பாதுகாப்புக்கென 2005இல் வகுத்த பி.டி.எஃப்./ஏ தரம் இதனைக் கட்டாயமாக்குகிறது.

விடுபட்ட எழுத்துக்கு மாற்றாக அதன் படத்தை ஒட்டுதலும், பழைய எட்டுபிட்டு எழுத்துருவைக் கொண்டு தமிழ்போலத் தோன்றச் செய்தலும் தவிர்க்கத் தக்கவை. அவற்றால் தாள் நிறைவுறும். ஆவணத்தினுள் தேடினால் சொல் அகப்படாது.

சோதனைத் தாள்

ஒவ்வோர் அச்சு அலுவலகமும் 247 எழுத்துகள், கிரந்த எழுத்துகள், எண்கள், நாணயக் குறிகள் ஆகியன அடங்கிய சோதனைத் தாள் ஒன்றை எக்ஸ்.எம்.எல். வடிவில் வைத்திருத்தல் நலம். எழுத்துருவோ மென்பொருளோ மாறும்போதெல்லாம் அதனை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் பி.டி.எஃப். கோப்பில் ‘கிட்வாய்’ என்று தேட வேண்டும். சொல் கண்ணுக்குத் தெரிந்து, தேடலிலும் அகப்படுமாயின் எண்ணும் வடிவும் பொருந்தியுள்ளன எனத் துணியலாம். வடிவமில்லை என்னும் எச்சரிக்கை எழுந்தவுடன் வெளியீட்டை நிறுத்துமாறு மென்பொருளை அமைத்தலும் சாலச் சிறந்தது. ஆயிரம் படிகள் வெளிப்போந்த பின்னர் ஓரெழுத்தைத் தேடுவதினும், ஓரெழுத்துக்காக ஒரு நாழிகை காத்திருத்தல் எளிது.